ஏரிப்பனிக்கு முந்திய வேலை

நவம்பரில் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டால் சவுத் பெண்டில் எங்களுக்கு மிச்சிகன் ஏரியைத் தவிர வேறு பேச்சு இருக்காது. கோடையில் சேர்த்த வெப்பத்தை ஏரி இன்னும் விட்டிருக்காது. கனடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று அந்த நீர்ப்பரப்பைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். சில மைல் தள்ளி வெயில் அடிக்கும்; இங்கே முழங்கால் வரை பனி கிடக்கும். ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 60 அங்குலத்துக்கு மேல் பனி பெய்கிற ஊர் இது.

வீல் ஹார்ஸ் தோட்ட டிராக்டர்கள் பிறந்ததும் இந்த இந்தியானா ஊரில்தான். எல்மர் பாண்டும் அவர் மகன் செசிலும் 1946-இல் தொடங்கிய தொழில். 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது, 1986-இல் டோரோ வாங்கியது. தொழிற்சாலை போய்விட்டாலும் வண்டிகள் போகவில்லை. பழைய தெருக்களில் கராஜ் கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு சிவப்பு மூக்கு தெரியும். புல் வெட்டவும் மண் கிளறவும் விற்ற வண்டிதான். ஆனால் அதன் எடையையும் பின்சக்கரங்களின் பிடிமானத்தையும் பார்க்கும்போது, செய்தவர்கள் தங்கள் வாசலில் குவிகிற பனியையும் மனத்தில் வைத்துத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

என்னிடம் இருப்பது எழுபதுகளின் சி-120. எஞ்சின், விஸ்கான்சின்காரர்களான கோலரின் கே-301: ஒற்றை சிலிண்டர், 476 சி.சி., 12 குதிரைத்திறன், வார்ப்பிரும்பு உடம்பு. வால்வுகள் மேல்மூடியில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்கில் நிற்கின்றன. அதனால் மேல்மூடி வெறும் மூடிதான். போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால் பிஸ்டன் தலையும் இரண்டு வால்வுகளும் சிலிண்டர் சுவரும் கண்ணெதிரே வந்துவிடும். கரியைச் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்து, வரிசை தவறாமல் இறுக்கி மூடலாம். ஒரு பிற்பகல் போதும்.

தீப்பொறி விஷயமும் அப்படித்தான். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால் பாயிண்ட். கேம் தண்டு ஒரு மெல்லிய கம்பியைத் தள்ள, கம்பி பாயிண்டைத் திறக்க, அந்தக் கணத்தில் காயிலிலிருந்து பிளக்குக்கு மின்சாரம் பாய்கிறது. இடைவெளி 0.020 அங்குலம், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பீலர் கேஜின் இதழ் லேசான உரசலோடு உள்ளே போய் வர வேண்டும். இந்த இடைவெளி மாறினால் தீப்பொறி விழும் நேரமும் மாறிவிடும். உறைகுளிர் காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் பேட்டரியைப் பழிக்கும் முன் நான் பார்ப்பது இதைத்தான். பாயிண்டின் முகத்தில் படிந்த மெல்லிய படலத்தைக் கெட்டிக் காகிதத்தால் துடைத்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும். எதனால் ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்று சொந்தக்காரரே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற யந்திரம் இது. இந்தத் திறந்த மனத்துக்காகத்தான் இதை நேசிக்கிறேன்.

இலையுதிர்காலத்து வேலைகளில் நான் ஒருபோதும் தள்ளிப்போடாதது கியர் பெட்டி. கியர் மாற்றும் கம்பியின் அடியில் ஒரு ரப்பர் உறை உண்டு. வயதானால் எந்த ரப்பரும் வெடிக்கும். வெடிப்பு வழியாக மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்; குளிரும் வெயிலும் மாறி மாறி வரும்போது உள்ளேயே ஈரம் வியர்த்தும் சேரும். அடியிலுள்ள திருகைக் கழற்றினால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் வரும். கோடையில் இது பெரிதாகத் தெரியாது, கியர்கள் சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் தண்ணீர் கனமானது, ஓய்ந்து நிற்கும் வண்டியில் அடியில் போய்த் தங்கும். முதல் உறைபனி இரவில் அது கல்லாகி கியர்களைக் கவ்விக்கொள்ளும். பனி பெய்திருக்கிற காலையில், அவசரத்தில், அதை மீறிக் கிளப்பினால் பல் உடையும். ஆகவே அக்டோபரிலேயே ஆயிலை வடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, முழுதும் வடியவிட்டு, புது 90 நம்பர் ஆயில் விட்டு, ரப்பர் உறையையும் மாற்றிவிட வேண்டும்.

எலிகளும் இதே நேரத்தில்தான் வீடு தேடும். காற்றால் குளிரும் எஞ்சின் இது. ஃபிளைவீல் விசிறியை மூடிய தகரக்கூட்டுக்குள் பஞ்சும் புல்லும் கொண்டுவந்து திணித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தகரத்தைக் கழற்றி, இறகுகளின் இடுக்கெல்லாம் சுத்தம் செய்தால்தான் காற்று ஓடும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே எஞ்சின் வெந்து இறுகுவது நடக்கக்கூடியதே.

மற்றவை சுருக்கமாக. கோடைக்கு 30 நம்பர் எஞ்சின் ஆயில் சரி, குளிரில் அது தேனாகக் கெட்டிப்படும். மெல்லிய 5டபிள்யூ-30க்கு மாறலாம். இங்கே பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் கார்புரேட்டரின் நுண்துளையில் பிசின் படியும். எத்தனால் கலக்காதது கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவேன். பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் உறையாது. வெறுமையாகக் கிடந்தால் உறைந்து வெடிக்கும்.

பனியை வாரி இறைக்கும் பொறியில் மட்டும் ஒரு பிடிவாதம் வேண்டும். திருகு அலகைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் மென்மையான இரும்பு. கல்லோ உறைந்த செய்தித்தாள் கட்டோ சிக்கினால், கியரைக் காப்பாற்றத் தான் முறிந்துபோவதற்கென்றே வைத்தது. அடிக்கடி முறிகிறதே என்று கெட்டி போல்ட்டை மாட்டுகிறவர்கள் பொறியையே பலி கொடுக்கிறார்கள். மலிவான பின்கள் ஒரு கைப்பிடி ஆசனத்துக்கடியில் கிடந்தால் போதும்.

இப்படிப்பட்ட வண்டிகளைப் பளபளவென்று சாயம் பூசி, கண்காட்சிக்கு மட்டும் இறக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் என் மனம் அதில் ஒட்டுவதில்லை. பின்சக்கரத்தில் சங்கிலி உரசி உரசி மட்கார்டின் சாயம் உரிந்த வண்டிதான் எனக்கு அழகு. தெருக்கோடியில் ஒரு முதியவர் இருக்கிறார். எங்கள் தெருவில் பலருக்கும் இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஓடாத வண்டி ஒன்றைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து உதிரி பாகம் கழற்றித் தருவார், காசு வாங்கமாட்டார். பதிலுக்கு அவர் வாசலை எங்களில் யார் முதலில் எழுகிறாரோ அவர் சுத்தம் செய்துவிடுவார்.

இந்த வாரம் சங்கிலிகளைத் தரையில் விரித்து, அறுந்த வளையங்களை மாற்றிவிட்டேன். பின்டயர்களுக்குள் எடைக்காக ஊற்றிய பீட்கிழங்குச் சாறு இன்னும் நிறைவாக இருக்கிறது. கால்சியம் குளோரைடுபோல் இது ரிம்மை அரிப்பதில்லை. பனி தள்ளும் பிளேடின் அடிப்பட்டை ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மறுபக்கம் இந்தக் குளிர்காலத்துக்குத் தாங்கும். போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன், சனிக்கிழமை கழற்ற வேண்டும்.