குதிரையின் வயிறு

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று குதிரையைப் பற்றி நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். மருந்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெல்லத்தில் பிசைந்து கொடுத்தால் குதிரை எந்த மருந்தையும் தின்றுவிடும். தின்ற பிறகு அந்த மருந்து எங்கே போகிறது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

கதை எழுதுகிறவனுக்குக் குதிரை வைத்தியத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மங்கலத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். திருப்பூருக்குப் பக்கத்து ஊர். பகலும் இரவும் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவரும் தறி வைத்திருக்கிறவர்தான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போனவர், ஒரு குதிரையோடு திரும்பி வந்தார். தறிக்காரருக்குக் குதிரை எதற்கு என்றால் சிரிப்பார். ஆசைக்கெல்லாம் காரணம் கேட்டு ஆகுமா?

அந்தக் குதிரை இருமியது. வீட்டில் பையனுக்கு வாங்கி மிஞ்சியிருந்த அமாக்சிசிலின் காப்ஸ்யூல்கள் இருந்தன. போதாததற்குக் கடையிலும் வாங்கி, பிரித்துக் கொட்டி, வெல்லத்தோடு கொடுத்தார். மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் குதிரை இல்லை. கண் பட்டுவிட்டது என்றது ஊர்.

அடுத்த வருஷம் வாங்கிய குதிரைக்கும் காய்ச்சல் வந்தது. இந்த முறை நல்லவேளையாக ஒரு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த பெரியவர் அவர். நானும் அன்று கூட இருந்தேன்.

"ஏனுங்க டாக்டர், மனுசனுக்குக் கேக்கற மருந்து குதிரைக்குக் கேக்காதுங்களா?" என்றார் நண்பர்.

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. "சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறீர்களே, நூல் குடித்தது போக மிச்சச் சாயம் எங்கே போகும்?" என்று திருப்பிக் கேட்டார்.

நண்பர் முகம் மாறிவிட்டது. நொய்யல் ஓரத்துக்காரரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது! மிச்சச் சாயம் ஆற்றுக்குப் போய், ஆறு பாழாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை அங்கே குழந்தைக்கும் தெரியும்.

குதிரையின் வயிற்றிலும் அப்படி ஓர் ஆறு இருக்கிறது. மாட்டுக்குப் போல அதற்கு நாலு அறை இரைப்பை கிடையாது. ஒரே இரைப்பை, அதுவும் சின்னது, 8 முதல் 15 லிட்டர் பிடிக்கும். அதையடுத்து ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்துக்குச் சிறுகுடல். மருந்து பெரும்பாலும் ரத்தத்தில் சேர வேண்டிய இடம் அதுதான். அங்கிருந்து கல்லீரல், பிறகு உடம்பெங்கும், கடைசியில் சிறுநீரகம். சிறுகுடலைத் தாண்டினால் பெருங்குடலும் அதன் வாசலில் சுமார் 30 லிட்டர் கொள்ளும் குடல்பையும். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. சோளத்தட்டையும் புல்லையும் புளிக்கவைத்துக் குதிரைக்குச் சோறு போடுகிறவை அவைதான்.

அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால், வளர்ந்த குதிரையின் ரத்தத்தில் சேர்வது பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். குட்டியாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு சேரும். மிச்சம்? கீழே குடியிருப்புக்குப் போகிறது. நல்லது, கெட்டது என்று பாராமல் கொல்லுகிறது. காலியான வீடுகளில் கெட்ட கிருமிகள் குடியேறுகின்றன. குடல் அழன்று, கழிச்சல் கண்டு, நீர் வற்றிக் குதிரை சாய்கிறது. முதல் குதிரை அதனால்தான் செத்தது என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. சந்தேகம் அதன் மேல்தான் என்றார்.

அப்படியானால் குதிரைக்கு வாய்வழி மருந்தே கூடாதா? உண்டு. மெட்ரோனிடசோல் ஏறத்தாழ முக்கால் பங்கு ரத்தத்தில் சேரும். சல்பாவோடு டிரைமெத்தோபிரிம் சேர்ந்த மருந்தும் நன்றாகவே சேரும். ஆனால் தீவனத்தோடு கலந்தால் ஒரு பகுதி நாரைப் பிடித்துக்கொண்டு பெருங்குடல் வரை பயணம் போய்விடும். போதாக்குறைக்கு, மனிதன் ரத்தத்தில் டிரைமெத்தோபிரிம் பாதியாகக் குறைய எட்டு, பத்து மணி நேரம் ஆகும். குதிரைக்கு இரண்டு, மூன்று மணி நேரமே போதும். நம் அளவும் வேளையும் அதற்குப் பொருந்துமா? டாக்சிசைக்கிளின் கதை இன்னும் விசித்திரம். வாய்வழி கொடுக்கலாம், அதையே ரத்தக் குழாயில் ஏற்றினால் குதிரை விழுந்து செத்துப்போவதுண்டு. லின்கோமைசினோ வாய்வழி போனாலே எமன்.

மங்கலத்தாருக்கு இன்னொன்றும் சொன்னார் டாக்டர். பக்கத்துப் பல்லடம் வட்டாரமெங்கும் கோழிப்பண்ணைகள். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் மோனென்சின் சேர்ப்பதுண்டு. அதுவும் ஒருவகை ஆன்டிபயாடிக்தான். கோழி தாங்கும் அளவில் மிகச் சிறு பங்கே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். "கோழித்தீவனம் மிஞ்சினால் குப்பையில் போடுங்கள், லாயத்தில் போடாதீர்கள்" என்றார்.

அன்று அந்தக் குதிரைக்கு ஊசிதான் போட்டார். பென்சிலின் ஊசி. தசையில் இறங்கி ரத்தத்தில் சேர்வதால், வயிற்று வழியாகப் போகும் பயணம் அதற்கு இல்லை. ஊசி போட்டாலும் சாணத்தைத் தினம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார். குதிரை பிழைத்தது. இந்த வருஷமும் கொள்ளு தின்று கொழுத்திருக்கிறது.

பிறகு நான் படித்த ஒரு செய்தி மனதை விட்டுப் போகவில்லை. ஸ்வீடனில் குதிரைக் குட்டிகளுக்கு நிமோனியா. எரித்ரோமைசினும் ரிஃபாம்பிசினும் கொடுத்தார்கள். குட்டிகளுக்குக் குணம் கண்டது. தாய்க் குதிரைகளுக்குக் கடுமையான குடல் அழற்சி வந்தது. தாய்க்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. குட்டியின் சாணத்தோடு வெளிவந்த சொற்ப மருந்து தாயின் வாய்க்குப் போயிருந்ததுதான் காரணம் என்று 1998-ல் எழுதி வைத்தார்கள். பிள்ளையின் மருந்து தாய்க்கு நஞ்சு! எந்த நாவலாசிரியனுக்கும் இப்படி ஒரு சோகத்தைக் கற்பனை செய்யத் தைரியம் வராது.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. அதன் உடம்பு அமைந்த விதம் அப்படி. வாய்க்குள் போனது போனதுதான். தவறென்று கக்கிவிட வழியில்லை. வாயில்லா ஜீவன் என்று இரக்கப்பட்டுப் பேசுகிறோம். இரக்கம் மெய்யென்றால், அதன் வாயில் எதையும் போடுமுன் அதன் வயிற்றை அறிந்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே.