பெயர் போடாத பக்கம்

ரமணாசிரமத்துப் புத்தகக் கடையில் நின்று, 'மவுன்டன் பாத்' பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரையின் கீழே இருந்த பெயர் புதிதாகப் பட்டது.

"இது யாருங்கய்யா?" என்றேன், பக்கத்தில் நின்ற பெரியவரிடம்.

"அதுவும் ஆஸ்போர்ன்தான் சார். பேரை மாத்திப் போட்டிருக்கார்" என்று சிரித்தார்.

ஆர்தர் ஆஸ்போர்ன் 1906-ல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். கவிஞர். 1941-ல் மனைவியும் குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். பாங்காக்கில் விரிவுரையாளராக இருந்த அவரை ஜப்பானியர்கள் சிறை முகாமில் அடைத்தார்கள். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் முகாம் வாசம். 1945-ல்தான் ரமணரை நேரில் பார்த்தார்.

சென்னையில் பத்திரிகை வேலை, கல்கத்தாவில் பள்ளிக்கூட வேலை என்று அலைந்துவிட்டு, மறுபடி மலையடிவாரத்துக்கே வந்தார். 1964 ஜனவரியில் காலாண்டிதழாக 'மவுன்டன் பாத்'தைத் தொடங்கினார். சின்னப் பத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும், எழுத ஆள் கிடைப்பது எத்தனை பாடு என்று! ஆசிரியரே பல பெயர்களில் எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டும். அவரும் அதைத்தான் செய்தார். 1970-ல் இறந்துபோனார். பத்திரிகை இன்றும் வருகிறது. அவர் எழுதி வைத்திருந்த தன்வரலாறு புத்தகமானது 2001-ல்தான்!

நானும் ஒரு காலத்தில் சிற்றிதழ் நடத்தினேன். நாலே இதழ். மூன்றாவது இதழுக்கு நண்பன் ஒரு கட்டுரை கொடுத்தான். கொஞ்சம் திருத்தினேன். திருத்தத் திருத்த அது என்னுடையது போலவே தோன்றிவிட்டது. என் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இதழைக் கையில் வாங்கியவன் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். அதோடு சரி.

ஒருவர் தன் எழுத்திலேயே தன் பெயரை மறைத்துக்கொண்டார். நான் அடுத்தவன் எழுத்தில் என் பெயரை ஒட்டிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். செங்கம் சாலையில் பஸ் சத்தம். எதிரே ஒரு டீக்கடை. டீ ஆறுகிறவரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் நம்பரை அழுத்தினேன்.

"டேய்... நீயா? என்னடா திடீர்னு?" என்றான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அந்த மூணாவது இதழ்..." என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது இன்னும் எங்கிட்ட இருக்குடா" என்றான்.