ஒளி புகும் வழி

வெள்ளகோவிலின் விசைத்தறிகளில் நெய்து இறக்கிய துணியை, அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகைமீது ஓடவிட்டுச் சோதிப்பதுண்டு. விரலுக்குத் தட்டுப்படாத இழையறுப்பும் அவ்வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். மூளையின் குருதிநாளங்களை ஆராய்வோர் பலரும் ஒளியையே நம்புகின்றனர். ஆயினும், அவர்கள் முன் இருப்பது விரித்துப் பார்க்கத்தக்க துணியன்று.

உயிர் நீங்கிய மூளையை ஓரளவு அவ்வாறு விரிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்னும் தொகுப்பு, கருவில் வளரும் மூளையை 5,132 மென்சீவல்களின் படங்களாகக் காட்டுகிறது. அரும்பணிதான், ஆனால் சீவலில் குருதி ஓடுவதில்லையே!

ஓட்டத்தை அறிவதே இங்கு உயிர்ப்பிரச்சினை. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டைக் கேட்கிறது. பெரிய நாளமொன்று அடைபட்டு மருத்துவமும் கிட்டாவிடில், நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என 2006இல் கணக்கிட்டனர்.

கைப்பேசி விளக்கை விரல்நுனியால் மூடினால் விரல் செந்நிறமாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பெரிதும் விழுங்கிவிட, சிவப்பு தப்பி வெளிவருகிறது. சிவப்பையும் தாண்டிய, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். அது மண்டையோட்டையும் ஊடுருவி மூளையின் ஆக்சிஜன் நிலையைத் தெரிவிக்கும் என்பதை 1977இல் யோப்சிஸ் நிறுவினார். தலையில் ஒரு கீறலும் வேண்டியதில்லை. இருப்பினும் திசுக்களில் ஒளி சிதறிவிடுவதால், மூடுபனியில் தெரியும் விளக்கைப் போல அப்படம் மங்கலானதே. தனித்தனி நாளம் அதில் தெரியாது.

மண்டையோடு திறக்கப்பட்ட அறுவை அரங்கில் நிலைமை வேறு. பலூன்போல் புடைத்த நாளத்தின் கழுத்தில் மருத்துவர் சிறு கவ்வியைப் பொருத்துகிறார். பின்னர் ‘இண்டோசயனின் கிரீன்’ என்னும் சாயத்தைச் சிரைவழியே செலுத்தி, நுண்ணோக்கியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றனர். குருதி ஓடும் நாளங்கள் மட்டும் திரையில் வெண்மையாக ஒளிர்கின்றன. மூளை அறுவையில் இம்முறை 2003இல் விவரிக்கப்பட்டது. புடைப்பு இருண்டிருந்தால் கவ்வி சரியாகப் பற்றியிருக்கிறது எனலாம். அருகிலுள்ள நல்ல கிளையும் இருண்டுவிட்டாலோ, மருத்துவர் தாமதியாமல் கவ்வியைக் கழற்றி இடம் மாற்றுகிறார்.