‘ஒண்ணும் பண்ணாதுங்க!’

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் தயாராக ஒரு வாக்கியம் இருக்கும். “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாதுங்க!” மளிகைக் கடையில், லிஃப்டுக்குள், பூங்காவில், டாக்டருக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் என்று எங்கெங்கோ கேட்டிருக்கிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, இனம் தெரியாத நாட்டு நாய் என்று எங்கள் வீட்டிலும் நாய் இல்லாத காலம் குறைவு. அதனால் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மடியில் தூங்குகிற நாய் அது. அதன் குணம் அவருக்கு அத்துப்படி. எதிரே நிற்கிறவருக்கு அந்த நாயைத் தெரியாதே! அவருக்குத் தெரிவதெல்லாம் திறந்த வாயும், தனக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இரண்டடி தூரமும்தான்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: எதன்மீது வேண்டுமானாலும் பிரியம் வையுங்கள். ஆனால், அந்தப் பிரியத்துக்கு ஆகும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வழியில் போகிறவர் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

நாயை எங்கெல்லாம் கூட்டிப் போகலாம் என்ற பேச்சே எங்கள் இளமையில் எழவில்லை. நாய்க்கு வாசலும் திண்ணையும்தான் இடம். கடைத்தெருவுக்குக் கிளம்பினால் பின்னாலேயே வரும். கடைக்கு வெளியே படுத்துக்கொள்ளும். நாம் நடந்தால் எழுந்து நடக்கும். சிவன் கோயிலில் பைரவருக்குப் பின்னால் நாய்தான் வாகனமாக நிற்கிறது. அதே கோயிலுக்குள் உயிருள்ள நாய் நுழைந்தால் விரட்டுவார்கள். அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். எச்சில் சோறும் கல்லடியும்தான் பல நாய்களுக்கு வாய்த்தன. அவற்றுக்குத் தடுப்பூசி போடலாம் என்பதே பல ஊர்களில் தெரியாது.

இன்று நாய் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இரண்டு அறை அபார்ட்மெண்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பேச்சுத் துணையே அதுதான். குழந்தை வேண்டாம் என்றோ, இப்போது வேண்டாம் என்றோ முடிவெடுத்த இளம் தம்பதிகள் நாயைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு யாராவது கடைக்குப் போவார்களா? கூடவே கூட்டிப் போகத்தான் தோன்றும். அந்த மனசு எனக்குப் புரிகிறது.

ஆனால், கடைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள்.

அறுபதைத் தாண்டிய ஒருவர் நாயைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறார் என்றால், சிரிப்பதற்கு முன்னால் அவர் சிறுவயதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாளில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் தலைமுறை தலைமுறையாக அந்த மருந்தைத் தயாரித்துப் பல உயிர்களைக் காப்பாற்றியது. உயிர் பிழைத்தவர்களுக்கும் அந்த வலி மறக்கவில்லை. இன்றைக்குக் கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால், நோய் அப்படியேதான் இருக்கிறது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அப்படியிருக்க நாயைப் பார்த்துப் பயப்படுகிறவரைக் கோழை என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, தொழுகைக்குக் கிளம்பி வழியில் கடைக்கு வந்த ஒருவர். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் ஷாஃபி வழியைப் பின்பற்றுகிறவர்கள் நிறைய உண்டு. நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். நம் நாய் அவர் வேட்டியை நக்கினால் “பாசமா இருக்கு பாருங்க” என்று நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அவர் வீடு திரும்பி, கழுவி, உடை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் ஜமாஅத் முடிந்திருக்கும். நாய் ரோமமும் பொடுகும் பட்டாலே மூச்சு இழுக்கிறவர்கள் உண்டு. இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக வந்த தாய்க்கு ஒதுங்கி நிற்கக்கூட இடம் இருக்காது. அண்ணாச்சி கடையில் துவரம்பருப்பும் உளுந்தும் மூட்டை திறந்தபடி நாயின் மூக்கு உயரத்தில்தானே இருக்கின்றன! புது வாசனை கண்ட இடத்தில் காலைத் தூக்குவது ஆண் நாயின் இயல்பு. அது நாயின் தப்பில்லை. அந்த வாசனைக்குள் அதைக் கூட்டிப்போனவர் யார்?

எல்லோரையும்விட எனக்கு அதிகம் உறுத்துவது, வாய் திறந்து சொல்ல முடியாதவர்களின் நிலைதான். மாதாமாதம் மொத்தமாகச் சாமான் வாங்கும் வாடிக்கையாளரிடம் “நாயை வெளியே விட்டுட்டு வாங்க” என்று கடைக்காரர் எப்படிச் சொல்வார்? பில் போடும் பெண் சொல்வாளா? தரை துடைக்கும் அம்மா சொல்வாரா? அபார்ட்மெண்டில் வீட்டு வேலைக்கு வருகிறவர், வாட்ச்மேன், சாப்பாடு கொண்டுவரும் பையன் இவர்களெல்லாம் பயத்தை விழுங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிப்பைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நாய்க்காரர் வசதியுள்ளவராகவும் எதிரே நிற்பவர் கூலிக்கு வந்தவராகவும் இருக்கும்போது, “ஒண்ணும் பண்ணாதுங்க” என்ற ஆறுதல் வார்த்தைகூட அதிகாரத்தின் குரலாகத்தான் அவர் காதில் விழும்.

“வெளிநாட்டில் எல்லாம் விடுகிறார்களே?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். லண்டன் சுரங்க ரயிலில் நாய் ஏறலாம். நகரும் படிக்கட்டில் அதைக் கையில் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் பல உணவகங்களில் மேசைக்கடியில் நாய் படுத்திருக்கும். ஆனால், நாய் வளர்க்கத் தனி வரி கட்டுகிற நாடும் அதுதான். பிரிட்டனில் தரைவாழ் விலங்குகளிடம் வெறிநோய் 1922இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அங்கே நாய் ஒருவரைக் கடித்தால் காயத்தைப் பற்றித்தான் கவலை. இங்கே உயிரைப் பற்றிக் கவலை. கதவு திறந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்து, அது திறப்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதை விட்டுவிடக் கூடாது.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயின் கதை வேறு. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவில் உதவி நாயோடு வருகிறவரைக் கடைக்காரர் தடுக்க முடியாது. “இது உங்கள் உடற்குறைக்குத் தேவையான நாயா, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது?” என்ற இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கலாம். அந்த நாய் அவருக்குக் கண். நம் ஊரில் அப்படி ஒருவர் வந்தால் கதவைத் திறந்துவிட்டு நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். நம் செல்ல நாய்க்கும் அதே உரிமையைக் கேட்பது, மாற்றுத்திறனாளி இருக்கையில் நாம் உட்கார்ந்துகொள்வதற்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அபார்ட்மெண்ட் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் தடை போட முடியாது. விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால், உரிமை இருக்கிறது என்பதற்காக, ஏற்கெனவே ஒரு பாட்டி நிற்கும் லிஃப்டுக்குள் நுழைந்தே தீர வேண்டுமா? அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்க ஒரு நிமிடம் ஆகுமா? ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர் அறையை முழுவதுமாகப் பதிவு செய்தால் நாயைக் கூடவே கூட்டிப் போகலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டுதான். அந்த விதி எனக்குப் பிடிக்கும். நாய் கூட வர வேண்டுமா, அந்த இடத்துக்கான காசை நீ கொடு, பக்கத்துப் பயணியைத் தொந்தரவு செய்யாதே என்கிறது அது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாய்க்காரர் கைது செய்யப்பட்டார். அதன்பிறகுதான் உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, மைக்ரோசிப் என்று மாநகராட்சி கெடுபிடி காட்டத் தொடங்கியது. ஆண்டுக்கு வெறும் 50 ரூபாய் கட்டணமுள்ள அந்த உரிமத்தை வாங்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகே பலர் வரிசையில் நின்றார்கள். தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவு. அந்தச் சிறுமி பட்ட வேதனைக்கு இந்தத் தொகை ஈடாகுமா?

சரி, நாயைக் கேட்டீர்களா? அதற்குக் கடைக்கு வர ஆசையா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் நாம் செருப்போடு நடக்கிறோம். அது வெறுங்காலோடு வருகிறது. நம் காதுக்கு எட்டாத கூர்மையான ஒலிகளெல்லாம் அதன் காதுக்கு எட்டும். தீபாவளி நேரத்துத் தியாகராய நகரில் நமக்கே தலை வலிக்கிறது என்றால் அதற்கு எப்படி இருக்கும்? வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொள்வது, அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது இவையெல்லாம் “என்னை இங்கிருந்து கூட்டிப்போ” என்று அது கெஞ்சும் விதம். யாரும் கவனிக்காதபோது உறுமும். உறுமினால் அடிப்போம். அடிக்கு அடங்கிப் பழகிய நாய் உறுமாமலே கடிக்கும். “ஒண்ணும் பண்ணாத” நாய்கள் கடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். காருக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவது அதைவிடக் கொடுமை. மூடிய காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். உணவு விற்கும் கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் இங்கெல்லாம் நாயைக் கூட்டிப் போவதில்லை. மற்ற இடங்களில், நாயோடு வெளியே நின்றபடியே, உள்ளே வரலாமா என்று உரிமையாளரிடம் கேட்பேன். அவர் தயங்கினாலே அதை ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வேன். கயிறு கைக்கு அடக்கமான நீளம்தான். தெருவே தன்னுடையது என்று நாய் ஓடுகிற அளவுக்கு இருக்காது. அது அசிங்கம் செய்தால் அள்ள என் பையில் காகிதமும் பையும் இருக்கும். எதிரே வருகிறவர் தயங்கினால், அவரிடம் சமாதானம் சொல்வதற்கு முன்னால் நான் ஓரமாக நகர்ந்து, நாயை என் காலுக்கு மறுபக்கம் கொண்டுவந்துவிடுவேன். அவர் கடந்து போன பிறகு பேச்சுக்கே அவசியம் இருக்காது.

நாய் பிடிக்காதவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. கயிற்றோடு ஒழுங்காகப் போகும் நாயைப் பார்த்துக் கத்தாதீர்கள், குடையை ஓங்காதீர்கள், ஓடாதீர்கள். “நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்று நேராகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்: கேட்காமல் தொடக் கூடாது, சாப்பிடும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கக் கூடாது. கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாரதத்தின் கடைசியில் தருமரோடு ஒரு நாய் இமயமலை ஏறுகிறது. இந்திரன் தேரோடு வந்து அவரை மட்டும் ஏறச் சொல்கிறான். “இதுவும் வரட்டும்” என்று தருமர் கேட்கிறார். சொர்க்கத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான் அவன். இந்தக் கதையை நாய்ப் பாசத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. தருமர் முதலில் கேட்டார். இல்லை என்றதும் “இது ஒன்றும் பண்ணாது” என்று சொல்லி நாயைத் தேரில் திணிக்கவில்லை. நாயைக் கைவிட்டுத் தான் மட்டும் ஏறவும் இல்லை. ‘அப்படியென்றால் எனக்கும் வேண்டாம்’ என்று அதோடு கீழேயே நின்றார். நாயின் பொருட்டு நஷ்டப்பட அவர் தயாராக இருந்தார். அந்த நஷ்டத்தில் இந்திரனுக்குப் பங்கு வைக்கவில்லை.

நமக்குச் சொர்க்கத்தை விட்டுக்கொடுக்கும் சோதனையெல்லாம் வரப்போவதில்லை. அண்ணாச்சி கடைக்கு ஒருவர் உள்ளே போக, இன்னொருவர் நாயோடு வெளியே நின்றால் போதும். தனியாளாக இருந்தால், முதலில் நாயை நடத்திக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டுப் பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். இன்னொரு நடை கூடுதலாக ஆகும். அந்த நடை உங்களுடையது.