எண்ணெய்க்கும் வயசு இருக்கு பாஸ்!

எங்க மங்களூர்ல அம்மாவோட மகளிர் குழு சோப்பு தயாரிக்குது. 'டின்னா வாங்கினா மலிவு'ன்னு 15 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் வந்து இறங்குச்சு. தகர ஷெட், சித்திரை வெயில், திறந்த டின்! ரெண்டு மாசம் கழிச்சு அதுல போட்ட சோப்புல ஆரஞ்சுப் புள்ளிகள், கூடவே சிக்கு வாடை. ஒரு கட்டிகூட விற்கலை. லோன் தவணைக்கு அதெல்லாம் தெரியுமா என்ன?

முதல் வருஷ கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் புரட்டினேன். வில்லன் காத்துல இருக்கிற ஆக்சிஜன். வெயில், வெளிச்சம், இரும்பு, செம்பு எல்லாம் அவனோட அடியாட்கள்! தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதம் நிறைவுற்ற கொழுப்பு. அதனால் நல்லாத் தாக்குப்பிடிக்கும். சாதாரண சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் அதிகம், சீக்கிரம் கெட்டுடும்.

காஸ்டிக் சோடா இன்னும் மோசம். மூடி லூஸா இருந்தா ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமா சோடியம் கார்பனேட் ஆகிடும். அப்புறம் எடை சரியாப் போட்டாலும் சோப்பு சரியா வராது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. ஈரம் பட்டா ஹைட்ரஜன் கிளம்பும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடம்... இதான் சேஃப்.

பக்கத்துல விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர்போன ஊர். பரண்ல தூங்கின ஊறுகாய் ஜாடிகளைக் கழுவி, காயவெச்சு இறக்கியாச்சு. வெளிச்சம் புகாது, துரு பிடிக்காது. கழுத்துவரைக்கும் எண்ணெய், மேலே வாங்கின தேதி. பழசு மேல புதுசை ஊத்த அம்மா விடறதில்லை.

இப்ப ஒரு மாசத்துக்குத் தேவையானதுதான் வாங்கறாங்க. லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனா, வீணாப்போன டின்னைவிட மலிவு!