பதினொரு ஒன்பதுகள்

கோப்புகளைப் பத்திரமாக வைக்க இணையத்தில் இடம் தேடும் எவரும் சீக்கிரமே ஓர் எண்ணைச் சந்திப்பார்கள்: 99.999999999 சதவீதம். அமேசானின் எஸ்3 சேமிப்பகம் தன் உறுதிக்குச் சொல்லும் கணக்கு. எண்ணிப் பார்த்தால் பதினொரு ஒன்பதுகள். ஒரு கோடிக் கோப்புகளை வைத்தால் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒன்று தொலையலாம் என்று அவர்களே விளக்கம் தருகிறார்கள். கீழடிக்கே ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு வயதுதான்.

இந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி, கூடுதல் துண்டுகளும் சேர்த்து, வெவ்வேறு கட்டடங்களில் இருக்கும் வட்டுகளில் பிரித்து வைக்கிறார்கள். ஒரு வட்டு செத்தால் மற்றவற்றிலிருந்து அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த யோகம் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு பெட்டகத்துக்கு மட்டுமானது. அதன் வாசலில் நிற்பவன் யார், அவனை உள்ளே விடுவார்களா என்பது எந்த ஒன்பதிலும் அடங்காது.

அப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். எதையும் அளந்து, எழுதி, தேதி போட்டு வைப்பார். ஓய்வு பெற்ற பிறகு நாற்பது வருஷத்து நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, ஊர், படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்று கோப்பின் பெயரிலேயே எழுதினார். எல்லாவற்றையும் தன் மின்னஞ்சல் கணக்கோடு வரும் இணையச் சேமிப்பில் ஏற்றினார். கடவுச்சொல் பலமானது, எங்கும் எழுதி வைக்காதது. கூடவே போனுக்கு வரும் ஓடிபி. நிபுணர்கள் சொல்கிற எல்லாவற்றையும் செய்திருந்தார்.

2021 மே மாதம் அப்பா போனார். துக்க வீட்டில் யாரும் அவருடைய எண்ணை ரீசார்ஜ் செய்ய நினைக்கவில்லை. சில மாதங்களில் அது துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்கோ போய்விட்டது. ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சின்னப் பையன் எடுத்து, "யாரு வேணும்?" என்றான்.

நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், நோட்டரி கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் அனுப்பினோம். பல வாரங்கள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது: பயனரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு இயலாது. கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறவனுக்கெல்லாம் செத்தவருடைய கடிதங்களைத் திறந்துவிடும் நிறுவனத்தில் நானும் கணக்கு வைத்திருக்க மாட்டேன். நியாயம் எதிர்ப்பக்கம் இருக்கும்போது கோபப்படுவது எவ்வளவு சிரமம்!

இப்படித்தான் நான் இடம் தேட ஆரம்பித்தேன். விலையும் ஜிபியும் எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு விவரம்: சாவி யாரிடம் இருக்கிறது?

இதில் இரண்டு வகை. கூகுள், டிராப்பாக்ஸ் போன்ற பெரும்பாலான சேவைகளில் உங்கள் கோப்பு பூட்டப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் சாவி அவர்களிடமும் உண்டு. கடவுச்சொல் மறந்தால் உதவி கிடைக்கும். அதற்கு விலை, உள்ளே இருப்பதை அவர்களுடைய இயந்திரங்கள் பார்க்கலாம் என்பது. 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு தகப்பனின் கதையை எழுதியது. சான் பிரான்சிஸ்கோக்காரர். மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையின் அந்தரங்க உறுப்பில் இருந்த வீக்கத்தைப் படமெடுத்தார். கூகுளின் தானியங்கி அதைக் குற்றப்படமாகக் குறித்தது. அஞ்சல், படங்கள், தொலைபேசி எண் எல்லாம் ஒரே கணக்கில் இருந்தன, எல்லாம் ஒரே நாளில் போயின. போலீஸ் விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்றது. கணக்கு திரும்பவில்லை. கோப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் வகையில், உங்கள் கணினியை விட்டுக் கிளம்பும் முன்பே கோப்பு பூட்டப்படும். சாவி உங்களிடம் மட்டும். நிறுவனத்துக்கே உள்ளே இருப்பது தெரியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வங்கி லாக்கர் சாவி தொலைந்தால் சாட்சி வைத்து உடைத்துத் திறக்க வழியுண்டு. இங்கே உடைப்பது என்ற பேச்சே கிடையாது. கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடும் போனால் கோப்பு வெறும் இரைச்சல். அப்பாவின் பூட்டைவிடப் பெரிய பூட்டை நானே காசு கொடுத்து வாங்கி என் மகளுக்கு வைத்துவிட்டுப் போவதா?

நிறுவனங்களும் சாகின்றன. உபுண்டு ஒன் 2014இலும், இரண்டாம் வகையில் பெயர்பெற்ற வுவாலா 2015இலும் மூடின. நுழையும் முன் வெளியே வரும் வழியைப் பாருங்கள், மொத்தத்தையும் சாதாரணக் கோப்புகளாக இறக்க முடியுமா என்று. இன்னொன்று: போனில் அழித்தால் அங்கேயும் அழியும் சேவை ஒத்திசைவுதான், காப்பு நகல் அல்ல. இரண்டையும் ஒன்றென்று விற்கிறார்கள்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய ஒரு சூத்திரம் உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் சித்தி வீட்டில் கல்யாண ஆல்பமும், அதை ஸ்கேன் செய்து வைத்த டிஸ்க்கும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. பெரிய இடங்களும் விதிவிலக்கல்ல. 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது, சில வாடிக்கையாளர்களின் காப்பு நகலும் அதே வளாகத்தில்தான் இருந்தது.

கடைசியில் நான் பிரித்துக்கொண்டேன். படங்கள் பூட்டில்லாமல் ஒரு பெரிய நிறுவனத்திடம். திருவாரூர்த் தேரை யார் பார்த்தால் என்ன? எங்களுக்குப் பயம் திருட்டைப் பற்றியதல்ல. கூகுளில் 2013 முதல் ஒரு வசதி இருக்கிறது. நாம் குறிப்பிட்ட மாதங்கள் கணக்குப் பக்கம் வராவிட்டால், நாம் பெயர் கொடுத்தவருக்குத் தகவல் போகும், தேர்ந்தெடுத்தவற்றை அவர் இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிளிலும் 2021 முதல் இதேபோல ஒன்று உண்டு. வங்கியில் நாமினி போடுவது மாதிரிதான். பத்து நிமிட வேலை. வீட்டுப் பத்திரம், மருத்துவ அறிக்கை, வரிக் கணக்கு ஆகியவற்றை மட்டும் கிரிப்டோமேட்டர் என்ற இலவச மென்பொருளால் பூட்டி வேறொரு நிறுவனத்தில் ஏற்றினேன். எல்லாவற்றின் பிரதியோடு ஒரு ஹார்ட் டிஸ்க், கோயம்புத்தூரில் தங்கை வீட்டில்.

அந்தப் பூட்டின் கடவுச்சொல்லுக்கு க்ரியா அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடத்தில் திறந்து, ஆறு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினேன். தமிழை ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை, அதுவே ஒரு கூடுதல் பூட்டு. காகிதத்தை உறையில் போட்டுத் தங்கையிடம் கொடுத்து, நான் இல்லை என்று வைத்துக்கொண்டு நீயே திறந்து பார் என்றேன்.

"எதுக்குண்ணா இப்ப இந்தப் பேச்செல்லாம்?" என்றாள். பிறகு செய்தாள். இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"மூணு தடவை தப்புன்னு சொல்லுது. யாராவது தாழ்வாரத்துக்கு ரெண்டு ஏ போடுவாங்களா?"

"பேப்பர்ல என்ன இருக்கோ அதை அப்படியே அடி. உன் கை போற போக்குல அடிக்காத."

நாலாவது முறை திறந்தது. அடுத்து படங்களுக்குப் போனாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டவை போக மிஞ்சிய நெகட்டிவ்களிலிருந்து நான் மறுபடி ஸ்கேன் செய்தவை, ஆயிரத்து எழுநூறு. வெறும் எண்கள்தான் அவற்றின் பெயர். யார் யார் என்று அப்பா எழுதியது அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. அம்மா அப்போது தங்கை வீட்டில்தான் இருந்தாள். போன் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"அந்த ஓரத்துல நிக்கறது உங்கப்பாவோட ஆபீஸ் சுந்தரம். இல்ல, இரு. அவரு தம்பி. கண்ணாடியை எடு, பெருசாக்கிக் காட்டு."

"இரும்மா, பேரை அடிச்சுக்கறேன்," என்றாள் தங்கை.