உடைந்தே ஆகவேண்டியவை

பார்சல் பெட்டிகளின் மேல் சிவப்பு எழுத்தில் ‘ஃப்ரஜைல்’ என்று ஒட்டியிருப்பார்கள். உடையும் பொருள், பார்த்துத் தூக்கு என்று அர்த்தம். அதே லத்தீன் வேரில் முளைத்து, அவ்வளவாகப் புழக்கத்துக்கு வராத இன்னொரு சொல் ‘ஃப்ரான்ஜிபிள்’. அகராதி இதற்கும் உடையக்கூடியது என்றே பொருள் தரும். பொறியாளர்கள் வாயில் அது வேறு கனம் பெறுகிறது: உரிய நேரத்தில் உடைந்தே தீரவேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பொருள்.

ஓடுபாதை விளக்குகளைத் தாங்கும் கம்பங்கள் இந்த ரகம். காற்றுக்கும் மழைக்கும் அசையக் கூடாது. தடம் தவறிய விமானம் மோதினால் முறிந்து வழிவிட வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விமான நிலைய வடிவமைப்புக் கையேட்டில் 6-ஆம் பகுதி முழுக்க இதைப் பற்றியதுதான்.

அதைவிட என்னை ஈர்ப்பது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. மால், மருத்துவமனை, ஓட்டல் எங்கே போனாலும் அண்ணாந்து ஸ்பிரிங்க்ளரைப் பார்ப்பேன். விரல் நுனியளவு கண்ணாடிக் குப்பி. உள்ளே சிவப்புத் திரவம், அதில் ஒரு பொட்டுக் காற்றுக்குமிழி. குழாய்க்குள் முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீரை அடைத்த மூடியை, வருடக்கணக்கில் தாங்குவது அந்தக் குப்பிதான். தீயின் சூட்டில் திரவம் விரியும், குமிழி கரையும், விரிய இடமில்லாமல் 68 டிகிரி செல்சியஸில் கண்ணாடி தெறிக்கும். தண்ணீர் கொட்டும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். மஞ்சள் திரவம் என்றால் 79, பச்சை என்றால் 93. அடுப்பனல் அடிக்கும் இடங்களுக்குப் பச்சை போன்றவை. சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் ஒரே சமயத்தில் பொழிவதில்லை. எது சூடேறுகிறதோ அது மட்டும்தான் உடையும்.

இத்தனை நுட்பமான பொருளுக்கு நாம் செய்யும் கொடுமை, சுவரோடு சேர்த்து அதற்கும் பெயிண்ட் அடிப்பது. ஒரு துணிக்கடையில் வரிசையாக எல்லாக் குப்பிகளும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து வயிறு கலங்கியது. பூச்சு ஏறினால் சூடு உள்ளே போகத் தாமதமாகும், மூடியும் ஒட்டிக்கொள்ளலாம். தீ விபத்தில் சில நிமிடங்கள் என்பது எத்தனையோ உயிர்கள். திருவிழாத் தள்ளுபடிக்குத் தோரணம் கட்டவும் அதையே கொக்கியாக்குகிறார்கள். பெயிண்ட் பட்டதைச் சுரண்டித் துடைத்துப் பயனில்லை. கழற்றிவிட்டுப் புதிதுதான் மாட்ட வேண்டும். அந்தக் கடையின் மேலாளரிடமும் அதைத்தான் சொன்னேன்.